ஃப்ரைசிங்கில் ஓர் அறை: நீடாமங்கலத்திலிருந்து பணம் அனுப்பலாமா?

ஜூலை 14, 2025, காலை (கேள்வி)

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். மகள் பி.எஸ்சி. விவசாயம் முடித்துவிட்டு ஜெர்மனியில் ஃப்ரைசிங் என்ற ஊரில் முதுகலைக்கு இடம் வாங்கியிருக்கிறாள். அக்டோபரில் வகுப்பு. வாட்ஸாப் குழு ஒன்றில் வீடு வந்தது. மியூனிக் நடுவில் ஒரு அறை, சமையலறை, பால்கனி, மாதம் 390 யூரோ. வீட்டுக்காரர் லண்டனில் டாக்டராம். இரண்டு மாத வாடகையும் ஒரு மாத அட்வான்ஸும் போட்டுவிட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். தன் பாஸ்போர்ட் நகல்கூட அனுப்பிவிட்டார், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். வேறு இரண்டு பேர் கேட்கிறார்களாம், இன்றைக்குள் சொல்லச் சொல்கிறார். அனுப்பலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜூலை 14, இரவு

அனுப்பாதீர்கள் ஐயா.

நான் திருவிடைமருதூர்க்காரி. 2021 அக்டோபரில் மியூனிக்கில் படிக்கப் போனேன். படிப்பு முடித்து, கொஞ்சம் வேலை பார்த்து, போன வருடம் ஊர் திரும்பினேன். உங்கள் லண்டன் டாக்டர் எனக்கும் வந்தார். எனக்கு வந்தபோது அவர் ஸ்காட்லாந்தில் எண்ணெய்க் கிணற்று இன்ஜினியர். வேலைதான் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே: வீடு காலியாகக் கிடக்கும், அவர் வெளிநாட்டில் இருப்பார், காட்ட ஆள் இருக்காது, சாவி கூரியரில் வரும்.

மியூனிக் நடுவில் பால்கனியோடு 390 யூரோவுக்கு ஒரு வீடு இருந்தால் அந்த ஊர்க்காரனே கட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பான். அது நீடாமங்கலம் வரை வந்து சேராது. அந்த பாஸ்போர்ட் அவருடையதாக இருக்க வாய்ப்பே குறைவு, முன்னால் ஏமாந்த யாரோ ஒருவர் அனுப்பியதாக இருக்கும். மகளுடைய பாஸ்போர்ட்டை அவர் கேட்டால் கொடுக்காதீர்கள், அடுத்த ஆளை ஏமாற்ற அது போகும்.

இன்னொன்று. படிப்பு ஃப்ரைசிங்கில். அது மியூனிக்குக்கு வடக்கே, எஸ்1 ரயிலில் முக்கால் மணி நேரம் போல. மகள் எங்கே படிக்கிறாள் என்றுகூட அவர் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

ஜூலை 15

விட்டுப்போனது. பணம் போடச் சொல்லும் கணக்கு எண்ணைப் பாருங்கள். ஜெர்மன் கணக்கு ‘டிஇ’ என்று தொடங்கும், அதையும் சேர்த்து 22 எழுத்து. வேறு நாட்டுக் கணக்கு என்றாலே திருட்டு என்று சொல்ல மாட்டேன், ஐரோப்பாவுக்குள் அது சகஜம். ஆனால் வீடு ஜெர்மனியில், ஆள் இங்கிலாந்தில், கணக்கு மூன்றாவது நாட்டில் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? படங்களைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள். எனக்கு வந்த வீட்டின் வரவேற்பறை வேறு ஏதோ நாட்டு ஓட்டல் ஒன்றின் பக்கத்தில் கிடந்தது.

ஜூலை 15, சற்று நேரம் கழித்து

‘டாக்டர் போன் செய்தார், நன்றாகப் பேசினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகத்தான் பேசுவார் ஐயா, அவருக்கு அதுதான் தொழில். வீட்டைக் கேமராவில் நேரலையாகக் காட்டச் சொல்லுங்கள். குளியலறைக் குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜூலை 19

குழாய் விஷயம் வேலை செய்திருக்கிறது போல. அவர் பதிலே போடவில்லை என்று படித்தேன். நல்லது.

இனி உருப்படியான வழி. முதலில் மாணவர் விடுதி. ஜெர்மனியில் கல்லூரி விடுதி என்று தனியாகக் கிடையாது. ‘ஸ்டுடீரண்டன்வெர்க்’ என்று வட்டாரத்துக்கு ஒரு அமைப்பு, நாடு முழுக்க 57 இருக்கின்றன. கேன்டீனும் விடுதியும் அவர்கள் கையில். மியூனிக் வட்டார அமைப்புக்கு ஃப்ரைசிங்கிலும் விடுதிகள் உண்டு. வாடகை வெளியில் கேட்பதை விட எவ்வளவோ குறைவு. அதனால்தான் வரிசை நீளம், பல மாதம் காத்திருக்க வேண்டும். இன்றைக்கே பதிவு செய்யுங்கள், கிடைக்காது என்று வைத்துக்கொண்டு மற்றதைத் தேடுங்கள்.

நான் அங்கே படிக்கப் போன வருடம் இன்னும் மோசம். மியூனிக் வடக்கில் ஃப்ரைமான் என்ற இடத்தில் ‘ஸ்டுடெண்டன்ஸ்டாட்’ என்று ஒரு பெரிய மாணவர் குடியிருப்பு. 2021 பிப்ரவரியில் அங்கே தீப்பிடித்தது. அப்புறம் அடுத்தடுத்துக் கட்டிடங்களைப் பழுது பார்ப்பதற்காகக் காலி செய்தார்கள். அக்டோபரில் நான் போய் இறங்கினால், ஜன்னல் ஜன்னலாக இருட்டாக நிற்கும் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டே யு6 ரயிலில் போக வேண்டும். இங்கே அறை இல்லாமல் அலைகிறோம், அங்கே அத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது. வயிறு எரியும்.

1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகளுக்குக் கட்டிய இடமும் இப்போது மாணவர் குடியிருப்புதான். சின்னச் சின்ன வீடுகள், சுவரெல்லாம் மாணவர்களே வரைந்த ஓவியம். பார்க்க அழகு. எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 27

ஆடுதுறைத் தம்பி ஒருவர், ‘பிளாக்டு அக்கவுண்டில் மாதம் 992 யூரோ வருகிறதே, அப்புறம் என்ன கவலை?’ என்கிறார்.

பிளாக்டு அக்கவுண்ட் என்பது விசாவுக்காக ஒரு வருடச் செலவை முன்னாலேயே கட்டி முடக்கிவைத்து, மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அந்த 992 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் தம்பி. அந்த நாட்டு மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகையின் உச்ச அளவு அது. அதற்குள் வீட்டுக்கென்று ஒதுக்கியிருப்பது 380 யூரோ. கிழக்கே கெம்னிட்ஸ் மாதிரி ஊரில் அந்தக் காசுக்கு அறை கிடைக்கும், மிச்சமும் பிடிக்கலாம். மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ கேட்பார்கள். ஃப்ரைசிங் கொஞ்சம் குறைவு, ஆனால் மியூனிக்கின் நிழல் அங்கேயும் விழும். யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது, பெருக்கிப் பார்க்க வேண்டாம், தூக்கம் போய்விடும்.

வருடத்துக்கு 11,904 யூரோவைக் கட்டி முடக்கிவிட்டு, அதற்கு மேலும் முதல் மூன்று மாதத்துக்குக் கையில் தனியாகக் காசு வேண்டும். வங்கிக் கடன் போடும்போதே இதைச் சேர்த்துக் கேளுங்கள். எங்கள் அப்பா இதைக் கேட்காமல் கடன் போட்டார், அப்புறம் குறுவை விற்ற காசு மியூனிக் போனது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காப்பரிசியைத் தின்றுகொண்டே எழுதுகிறேன்.

கூத்தாநல்லூர் அண்ணன் எழுதியதைப் படித்தேன். ‘எங்கள் காலத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் எவன் வீடு தேடினான்? ஊர்க்காரன் ஒருத்தன் இருந்தால் போதும், அவன் அறையில் பாயைப் போட வேண்டியதுதான்.’ முழுக்க உண்மை. என் சித்தப்பா அப்படித்தான் போனார். நம் டெல்டாவில் பாதிப் பேர் அப்படித்தான் கடல் தாண்டினார்கள்.

ஜெர்மனியில் இது அப்படியே நடக்காது அண்ணே. ஒப்பந்தத்தில் யார் பெயர், எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் பார்ப்பார். விருந்தாளியாகச் சில வாரம் தங்கலாம். மாதக்கணக்கில் பாய் போட்டால், இடம் கொடுத்த பிள்ளைக்கே வீடு போய்விடும். ஆனால் ஊர்க்காரன் வழி வேறு மாதிரி வேலை செய்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் படிப்பு முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. வாடகைக்காரர் காலி செய்ய மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குள் போக நினைப்பவர், தனக்குப் பதில் ஓர் ஆளைக் காட்டினால் பல வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். சட்டப்படி ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அவர்களுக்கும் தேடும் வேலை மிச்சம்தானே. இந்த அறைகள் விளம்பரத்துக்கே வராது, கைமாறிவிடும். ஆகவே மகளிடம் சொல்லுங்கள் ஐயா: ‘வீடு இருக்கிறதா?’ என்று குழுவில் கேட்காமல், ‘ஃப்ரைசிங்கில் யார் காலி செய்கிறீர்கள்?’ என்று கேட்கட்டும்.

ஆகஸ்ட் 11

இதுதான் முக்கியம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் வீடு என்றால் தண்ணீர் வருகிறதா, கரண்ட் பில் யார் கட்டுவது, பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். அங்கே முதலில் கேட்க வேண்டியது ‘ஆன்மெல்டுங் செய்யலாமா?’ என்பதை. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் ‘நான் இந்த முகவரியில் இருக்கிறேன்’ என்று பதிந்தாக வேண்டும். அதற்கு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். 2015 நவம்பரிலிருந்து அந்தத் தாள் இல்லாமல் பதிவு கிடையாது.

பதிவு நடந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வங்கியில் பல இடங்களில் அந்தச் சான்றைக் கேட்பார்கள். வங்கிக் கணக்கு இருந்தால்தான் முடக்கிய பணம் மாதாமாதம் வெளியே வரும். விசாவோடு போய் இறங்கிய பிறகு அங்கே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் பதிந்த முகவரி வேண்டும். ஒன்றில் மாட்டினால் வரிசையாக எல்லாம் மாட்டும்.

ஆனால் சிலர் மலிவாகக் கொடுக்கும் அறைகளில் ‘பதிவு முடியாது’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் உள்வாடகை விடுகிறார்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். அந்த அறை பாதி விலைக்குக் கிடைத்தாலும் புதிதாகப் போகிறவருக்கு உதவாது. நான் முதலில் தங்கியது டாக்கவ் என்ற ஊரில் ஒரு மாணவியின் அறையில். அவள் ஒரு பருவம் வெளிநாடு போயிருந்தாள், அதுவரைக்கும் எனக்கு. அறை சின்னது, ரயிலுக்கு நடக்க வேண்டும், ஆனால் அந்தப் பெண் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். உள்வாடகைக்கு வீட்டுக்காரர் சம்மதம் இருந்தால் மூல வாடகைக்காரரே கையெழுத்துப் போடலாம். அந்த ஒரு தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

இன்னொரு சங்கதி, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும். கதவு எண் எல்லாம் அங்கே அவ்வளவாகக் கிடையாது. பத்து வீடு உள்ள கட்டிடத்துக்கு ஒரே முகவரி, கீழே வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். எனக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருந்தது. செல்லோ டேப்பில் அப்பா பெயரை ஒட்டிவைத்தேன். திருவிடைமருதூரில் வயலில் நிற்கும் மனிதர் பெயருக்கு டாக்கவில் தபால் வர ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 12

‘முகவரியைக் காசுக்கு விற்கிறார்களாமே, பதிவு மட்டும் அங்கே செய்துகொண்டு வேறு எங்காவது தங்கலாமே?’ என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். விற்கிறார்கள். குடியிருக்காத ஆளுக்கு முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் என்று சட்டம். மாட்டினால் உங்கள் விசாவும் சந்திக்கு வரும். வேண்டாம்.

ஆகஸ்ட் 24

பகிர்ந்து வாழும் வீடுகளில் அறை தேடும் ‘வேகே-கெசுக்ட்’ தளத்தில் மகள் நிறையப் பேருக்கு எழுதியும் பதிலே இல்லை என்கிறீர்கள். எழுதியதை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் இந்தியாவிலிருந்து வரும் நேர்மையான மாணவி, தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறேன்.’ தாசில்தாருக்கு எழுதும் மனு இது. அந்தப் பக்கம் இருப்பது இருபத்திரண்டு வயதுப் பையனோ பெண்ணோ. அவர்களுக்கு வேண்டியது கூட இருக்க ஓர் ஆள்.

விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருப்பதை ஒட்டி இரண்டு வரி எழுதட்டும். பூனை இருக்கிறது என்றால் பூனையைப் பற்றி. தட்டுத் தடுமாறினாலும் முதல் பத்தி ஜெர்மனில் இருக்கட்டும். என்ன படிக்கிறாள், என்ன சமைப்பாள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாள். நெல் ஆராய்ச்சி பற்றி எழுதினாலே படிப்பார்கள், அங்கே எவனும் நாற்று நட்ட ஆளைப் பார்த்திருக்க மாட்டான்.

பிடித்திருந்தால் வீடியோவில் பேசக் கூப்பிடுவார்கள். சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பெண் பார்க்க வந்த மாதிரியேதான், பஜ்ஜி சொஜ்ஜி மட்டும் இல்லை. குளியலறை கழுவும் முறை வைத்திருக்கிறோம், சரியா? பார்ட்டி பிடிக்குமா? என்னிடம் ஒரு வீட்டில், வாடிக்கையாக அழுவாயா என்று கேட்டார்கள். முன்னால் இருந்த பெண் அழுவாளாம்.

பெயரைப் பார்த்தே பதில் போடாதவர்களும் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன், என் தோழிகள் எல்லாருக்கும் நடந்தது. இதைச் சொன்னதும் இங்கே ஒருவர் ‘வெள்ளைக்காரன் புத்தி’ என்று பொங்கியிருக்கிறார். கும்பகோணத்தில் டூலெட் பலகை பார்த்து உள்ளே போனால் முதல் கேள்வி என்ன என்று நினைத்துப் பாருங்கள். ‘சைவமா?’ அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கேள்வி நம் எல்லாருக்கும் தெரியும். என்னோடு படித்த பெண் ஒருத்தி, இங்கே அக்ரகாரத்துக்கு இரண்டு தெரு தள்ளிக்கூட வீடு கிடைக்காமல், மியூனிக்கில் மூன்றாவது நேர்காணலில் அறை வாங்கினாள்.

செப்டம்பர் 6

விமான டிக்கெட்டை செப்டம்பர் கடைசி வாரத்துக்குப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐயோ. அக்டோபர்ஃபெஸ்ட் ஐயா! இந்த வருடம் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 5 வரை. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் பீர் குடிக்க வருவார்கள். கொடியேறியிருக்கும்போது வேளாங்கண்ணியில் லாட்ஜ் தேடின கதைதான், சாதாரண ஹாஸ்டல் படுக்கைக்கே சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். புது மாணவர்கள் வந்து இறங்குவதும் இதே வாரங்களில்.

தேதியை மாற்ற முடியாவிட்டால் மியூனிக்கில் அறை போடாதீர்கள். விமான நிலையமே ஃப்ரைசிங் பக்கத்தில்தான் இருக்கிறது, பஸ் உண்டு. அதற்கு வடக்கே மூஸ்பர்க், லாண்ட்ஸ்ஹுட் என்று ஊர்கள், ஃப்ரைசிங்குக்கு நேர் ரயில். எல்லாரும் மியூனிக் பக்கமே தேடுவார்கள், அவள் எதிர்ப்பக்கம் தேடட்டும்.

ஃப்ரைசிங் வளாகத்தை ஒட்டிய குன்றில் ஒரு மதுபான ஆலை இருக்கிறது. 1040ல் தொடங்கியது, உலகிலேயே பழையது என்று சொல்லிக்கொள்வார்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

செப்டம்பர் 7

முதல் நாள் நான் ‘அனுப்பாதீர்கள்’ என்று எழுதியதை வைத்து, யாருக்கும் எதற்கும் முன்பணம் கூடாது என்று சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் இல்லை. விடுதி ஒதுக்கீடு வந்தால் அட்வான்ஸ் கட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தனியார் மாணவர் குடியிருப்புகளும் அப்படியே. யாருக்கு அனுப்புகிறோம் என்பதுதான் விஷயம். முகவரியும் அலுவலகமும் உள்ள நிறுவனமா, பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அதன் பெயர் இருக்கிறதா, ஒப்பந்தம் கையில் வந்த பிறகு கேட்கிறார்களா என்று பாருங்கள். புரோக்கர் என்று ஒருவர் வந்து கமிஷன் கேட்டால், கேட்க வேண்டிய இடம் வீட்டுக்காரர். 2015 ஜூனிலிருந்து, யார் புரோக்கரை வைத்தாரோ அவர்தான் காசு கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 21

டாக்கவ் அறைக்கு அப்புறம் எங்கே போனாய் என்று கூத்தாநல்லூர் அண்ணன் கேட்கிறார். ஒரு பாட்டி வீட்டுக்கு.

‘வோனன் ஃப்யூர் ஹில்ஃப’ என்று ஒரு ஏற்பாடு. தனியாக இருக்கும் முதியவர்கள் வீட்டில் மாணவர்கள் தங்கலாம், வாடகை கிடையாது. அறை எத்தனை சதுர மீட்டரோ மாதத்துக்கு அத்தனை மணி நேரம் கைவேலை செய்து கொடுக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், சூடு செலவு மட்டும் நம்முடையது. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது மாதிரி நர்ஸ் வேலை கிடையாது. கடைக்குப் போவது, தோட்டம், பனி தள்ளுவது, கூட உட்கார்ந்து பேசுவது.

என் அறை பதினான்கு சதுர மீட்டர். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். முதல் நாளே சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வாக்யூம் கிளீனர் கூடாது. இரவு பத்துக்கு மேல் துணி துவைக்கக் கூடாது. காலையும் மாலையும் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிடம் வைக்க வேண்டும், ஜனவரியிலும். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிக்கொண்டு நிற்பேன். பாட்டி கையில் கடிகாரத்தோடு நடையில் நிற்பார். ‘இன்னும் ஒரு நிமிடம்.’

நான் செய்த மணி நேரத்தைச் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் எழுதுவார். உருளைக்கிழங்கு உரித்தது அரை மணி. இலை கூட்டியது ஒரு மணி. ஒரு நாள் என் அம்மாவோடு வீடியோவில் இருவரும் சைகையிலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று ‘பேச்சு, ஒன்றரை மணி’ என்று எழுதிவைத்தார். அது என் கணக்கில் வரவா, அம்மா கணக்கில் வரவா என்று கேட்டேன். வீட்டுக்குள் நடந்தது எல்லாம் வரவுதான் என்றார்.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. மாலையில் சிநேகிதர்களைக் கூட்டி வர முடியாது. பரீட்சை நேரத்திலும் மணிக்கணக்கு நிற்காது. நான் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, வராத மணி நேரத்தைத் திரும்பி வந்து கழிக்க வேண்டியிருந்தது. சில சமயம் கோபம் வரும். ஆனால் அந்த வருடத்தில் கற்ற ஜெர்மன், எந்த வகுப்பிலும் வந்திருக்காது. எனக்கு அடுத்த வீடு கிடைத்ததும் பாட்டியின் சர்ச் சிநேகிதி வழியாகத்தான். தளத்தில் நான் போட்ட விண்ணப்பம் எதுவும் பலிக்கவில்லை. மகளுக்கு ஒத்துவருமா என்று அவளைக் கேளுங்கள், உங்களுக்கு நிம்மதி என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

அக்டோபர் 4

மூஸ்பர்க்கில் கிடைத்துவிட்டதா! மார்ச் வரை உள்வாடகை, பதிவும் செய்யலாம். நன்றாக இருக்கிறது. அதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது. வாடகை இரண்டு எண்ணாக இருக்கும். ‘கால்ட்’ என்பது வெறும் வாடகை, ‘வார்ம்’ என்பது சூடு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்தது. மின்சாரமும் இணையமும் அதற்குள் இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். அட்வான்ஸ், கால்ட் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், முதல் தவணை குடிபோகும்போது. இதைப் பல வீட்டுக்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

ஆடுதுறைத் தம்பி ‘சென்னையில் பத்து மாதம் வாங்குகிறார்களே’ என்று பெருமூச்சு விட்டிருக்கிறார். தம்பி, தமிழ்நாட்டிலும் 2017ல் போட்ட சட்டத்தில் மூன்று மாதம் என்றுதான் இருக்கிறது. ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வாலும் சேர்ந்திருக்கிறது. அந்த வால் வழியாகத்தான் பத்து மாதமும் உள்ளே வருகிறது.

சாவி வாங்கும் அன்று சுவர்க் கீறல், தரைக்கறை, மீட்டர் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்திட்ட தாளில் ஏற்றச் சொல்லுங்கள். என் மூன்றாவது வீட்டில், நான் போகும்போதே இருந்த தரைப் பள்ளத்துக்கு என் அட்வான்ஸில் கை வைத்தார் வீட்டுக்காரர். போட்டோவை நீட்டிய பிறகுதான் பணம் வந்தது.

தனி வீடு பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலி வீடு என்றால் அங்கே நிஜமாகவே காலி. சமையல் மேடையும் அடுப்பும்கூட முன்னால் இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். விளக்கு இருக்காது. நான் சாவி வாங்கி உள்ளே போன அன்று, கூரையில் இரண்டு ஒயர் தொங்கியது, சுவரில் சிங்க் இருந்த இடத்தில் துணி அடைத்த குழாய். செல்போன் வெளிச்சத்தில் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. மகள் அங்கே முறுக்குச் சுடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி எல்லா வீட்டிலும் இருக்கும், கடுகு தாளித்தாலே சில வீட்டில் கத்தும். ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுடச் சொல்லுங்கள். முறுக்கில் பாதியை மாடி வீட்டுக்குக் கொடுக்கட்டும், வாசனைக்கு வரும் புகார் வராது.

துணியை அறைக்குள் காயப்போட்டு ஜன்னலை மூடிவைத்தால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். அட்வான்ஸ் பிடிக்க அதுதான் முதல் காரணம். பாட்டியின் ஐந்து நிமிடம் எதற்கு என்று இரண்டாவது குளிர்காலத்தில்தான் எனக்கு விளங்கியது.

நவம்பர் 2

இங்கே அடைமழை, அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. அப்பா அங்கேயே காவல். அதனால் பதில் தாமதம், மன்னிக்கவும் ஐயா.

‘ரேடியோவே இல்லாத பிள்ளைக்கு ரேடியோ கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, இதுவும் ஏமாற்றா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லவேளை கேட்டீர்கள், இது நிஜம். முகவரியைப் பதிந்ததும் தானாக வரும். ரேடியோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அந்த வீட்டில் கூட இருப்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பார். அவருடைய கணக்கு எண்ணை வாங்கி, கடிதத்துக்குப் பதிலாக அதை எழுதி அனுப்பச் சொல்லுங்கள், தன் பங்கை அவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கடிதத்தைப் பேசாமல் போட்டுவைத்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். கூட இருக்கும் யாருமே கட்டவில்லை என்றால் மட்டும் மறுபடி எழுதுங்கள், அது வேறு பஞ்சாயத்து.